ரயிலைப் பார்த்து ஓடியவள்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த கோளாறு முழுக்க அதனால்தான். சிக்னல் பராமரிக்கிறவன் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. நான் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நிற்கிறேன். விருதுநகரில் என் அத்தா ஜமால் முகம்மதுவுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. வத்தல் விலை ஏறுமா இறங்குமா என்று மாதக்கணக்கில் மூட்டைகளுக்கு நடுவில் காத்துக் கிடக்க என்னால் ஆகாது என்றுதான் ஐ.டி.ஐ. படித்து ரயில்வேக்கு ஓடினேன். வந்து பார்த்தால் இங்கேயும் காத்திருப்பதுதான் வேலை. வண்டி வரும்வரை காத்திரு, வண்டி போகும்வரை காத்திரு. என் அம்மா பைரோஜா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்: "இதுக்கு நீ கடையிலயே உக்காந்திருக்கலாமேப்பா சுஃபியான், நெழலாவது இருந்திருக்கும்."

என்னைப் பற்றிப் போதும். சொல்ல வந்தது வள்ளித்தாயக்காவைப் பற்றி.

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் மெயின் லைனில், விருதுநகருக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மண் ரோடு தண்டவாளத்தைக் கடக்கிறது. அங்கே ஒரு கேட், தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு குடம் தண்ணீர். கேட்டுக்கு வடக்கே தண்டவாளம் வளைகிறது. வளைவு முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு நிற்பதால் வண்டிக்குக் கேட் தெரியாது, கேட்டுக்கு வண்டி தெரியாது. கேட்கீப்பர் வள்ளித்தாயக்கா. 2006இல் எங்கள் பகுதியில் பழைய சிக்னல்களைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டும் வேலை தொடங்கியபோது, அந்தக் கேட்டுக்கு வயர் இழுக்க நான் போனேன். போன முதல் நாளே அவளுக்குக் கிறுக்கு என்று முடிவு கட்டிவிட்டேன்.

பின்னே என்ன? மதியம் இரண்டு மணி. கொளுத்துகிற வெயில். மாற்று ஆள் செல்லக்கனி வந்து கையெழுத்துப் போட்டுப் பொறுப்பை வாங்கிக்கொண்டான். வீட்டுக்குப் போக வேண்டிய பெண்பிள்ளை, சேலையைத் தூக்கி இடுப்பில் செருகி, சிவப்புக் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்து ஓரமாக வடக்கே பார்த்து ஓட ஆரம்பித்தாள். நாற்பத்து நாலு வயது அவளுக்கு. நடை இல்லை, ஓட்டம். வளைவில் போய் மறைந்துவிட்டாள். நான் வயரைக் கீழே போட்டுவிட்டு அறைக்கு ஓடினேன்.

"என்னண்ணே, எதுவும் ஆபத்தா?"

செல்லக்கனி சாவகாசமாகத் துண்டை உதறித் தோளில் போட்டான். "அது தெனமும் ஓடும். நீங்க சோலியப் பாருங்க."

அரை மணி நேரம் கழித்து நனைந்த கோழியாக வந்து சேர்ந்தாள். எதற்கு ஓடினீர்கள் என்று கேட்டேன். "பழகுறேன் தம்பி" என்றாள். எதைப் பழகுகிறீர்கள் என்றேன். "ஓடத்தான்" என்றாள். என்னை வைத்துக் கேலி செய்கிறாள் என்று நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என் வயரைப் பார்க்கப் போய்விட்டேன்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. ஒரு வாரம் மரத்தடியில் உட்கார்ந்து சிக்னல் பெட்டிக்கு வயர் சீவினால் எந்த மனுஷியும் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் எம். புதுப்பட்டி. பன்னிரண்டு வயதில் தீப்பெட்டி ஒட்டப் போனவள், பதினாறில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். முதல் நாள் போர்மேன் வேலை கற்றுத் தரவில்லையாம், ஓடக் கற்றுத் தந்தாராம். வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். வாசலில் எதையும் வைக்கக் கூடாது. புகையைப் பார்த்தாலோ 'உஸ்' என்ற சத்தம் கேட்டாலோ கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். செருப்பைத் தேடாதே, பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடாதே, திரும்பிப் பார்க்காதே. எங்கள் பக்கத்தில் இது பட்டாசுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த பாடம் இல்லை. தொழிலுக்கே போகாத எனக்கும் தெரியும், வத்தல் மூட்டை தூக்குகிறவனுக்கும் தெரியும்.

1980, தீபாவளி சீசன். அக்காவுக்குப் பதினெட்டு வயது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் குருவம்மாள், அதே தெரு, அதே வயது, இரண்டு பேரும் ஒரே டிபனில் சாப்பிடுகிறவர்கள். அன்றைக்கு அந்த 'உஸ்' கேட்டது. தான் எழுந்ததே அக்காவுக்குத் தெரியாதாம். குருவம்மாளும் எழுந்திருக்கிறாள், ஆனால் காகிதக் குழாய் மேல் கால் வைத்து வழுக்கிவிட்டாள். விழப் போனவள் அக்காவின் முந்தானையைப் பிடித்தாள். அக்கா அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடினாள்.

குருவம்மாள் பிழைத்துக்கொண்டாள். வலது காலில் முழங்காலுக்குப் பின்னால் வெந்த தோல் சுருங்கி ஒட்டிவிட்டது. கால் மடங்கினபடியே நின்றுவிட்டது, நீட்ட வராது.

"எல்லாரும் நீ செஞ்சதுதான் சரின்னாக, தம்பி. திரும்பியிருந்தா ரெண்டு பேருமில்ல போயிருப்பீகன்னாக. போர்மேன் என்னைய நடுவுல நிக்க வச்சு, பாருங்க, ஓடுனா இப்படி ஓடணும்னு புதுசா வந்த புள்ளைககிட்டச் சொன்னாரு. அந்தப் பாராட்டுதான் எனக்கு இன்னும் செரிக்கல. குருவம்மா என்னைய நாலு வார்த்த வஞ்சிருந்தான்னா ஆறிப் போயிருக்கும். அவ வையவே இல்ல. பேச்ச நிப்பாட்டிட்டா, அம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு அக்கா கம்பெனிப் பக்கமே போகவில்லை. தண்டவாளத்தில் கேங்மேனாக இருந்த கோட்டைச்சாமிக்கு வாக்கப்பட்டாள். செல்வலட்சுமி என்று ஒரு மகள், இப்போது மதுரையில் நர்சுக்குப் படிக்கிறாள். கோட்டைச்சாமி 1999இல் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பதிலாக அக்காவுக்கு வேலை கொடுத்தார்கள், திருச்சிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் சனியன் பிடித்தது.

வாத்தியார் பாடம் நடத்தினார். கேட்டில் வண்டி ஏதாவது சிக்கிக்கொண்டு, அந்த நேரம் ரயிலும் வந்துகொண்டிருந்தால் கேட்கீப்பர் என்ன செய்ய வேண்டும்? சிவப்புக் கொடியையும் டெட்டனேட்டரையும் எடுத்துக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓட வேண்டும். டெட்டனேட்டர் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு தகர டப்பி, உள்ளே வெடிமருந்து. அறுநூறு மீட்டரில் ஒன்று, ஆயிரத்து இருநூறு மீட்டரில் மூன்று, தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும். சக்கரம் ஏறியதும் வெடிக்கும், சத்தம் கேட்டு டிரைவர் பிரேக் போடுவார். இதைக் கேட்டதும் அக்கா எழுந்து நின்றிருக்கிறாள்.

"சார், ரயிலப் பாத்தா ஓடணும்?"

"பின்ன, முதுகக் காட்டிக்கிட்டா ஓடுவ?" என்றாராம் வாத்தியார். வகுப்பே சிரித்திருக்கிறது.

"எனக்குச் சிரிப்பு வரல தம்பி. என் காலுக்கு ஒரு பக்கந்தான ஓடத் தெரியும்? அன்னிக்கு நானா ஓடுனேன்? காலுல்ல ஓடுச்சு. நாளைக்கு இங்கன ஒண்ணுன்னா இது எந்தப் பக்கம் போகும்னு எனக்கே தெரியலயே. வண்டியில வாறவுக எம்புட்டுப் பேரு! அம்புட்டுப் பேரு உசுரும் என் காலுலயில்ல இருக்கு?"

அதனால்தான் பழகுகிறாள். ஆறு வருஷமாக, டியூட்டி முடிந்ததும், ஒரு நாள் விடாமல், ரயில் வரும் திசையைப் பார்த்து ஓட்டம். மழையென்றாலும் ஓட்டம், காய்ச்சலென்றாலும் ஓட்டம். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"யக்கா, இன்னும் ஒரு மாசந்தான். நான் போடுற பூட்டு வந்துட்டா நீங்க ஓடவே வேண்டாம்."

புதுப் பூட்டைப் பற்றிப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். கேட் திறந்திருந்தால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும், யார் என்ன செய்தாலும் பச்சை விழாது. பச்சை விழுந்துவிட்டால் கேட் பூட்டிக்கொள்ளும், வண்டி போகாமல் கலெக்டரே சூலக்கரை ஆபீஸிலிருந்து வந்து கெஞ்சினாலும் திறக்காது. அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்ல பூட்டுத்தான்" என்றாள். "அது வாற வரைக்கும்?"

இன்னொரு கிறுக்கும் அவளிடம் இருந்தது. டெட்டனேட்டர்களை அறையிலுள்ள பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும், அது சட்டம். சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் லட்சுமிகாந்தம் பெட்டியைத் திறந்தால் காலி. மனிதர் தையத்தக்கா என்று குதித்தார். அக்கா நிதானமாக வெளியே போய், தண்டவாளத்து ஓரம் வடக்கே முப்பது தப்படி தள்ளிக் கிடந்த ஒரு மண்பானையைக் காட்டினாள். மணல் போட்டு, மூடி போட்டு, மேலே கருவேல நிழல்.

"மருந்து இருக்குற ரூமுல மனுசர் இருக்கக் கூடாது சார். மேல தகரக் கூரை வேற."

"இது என்ன பட்டாசுக் கம்பெனியா? ரயில்வேம்மா, ரயில்வே!"

எச்சரிக்கை எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் இருக்கும்போது டப்பிகள் பெட்டிக்குப் போயின. சாயங்காலம் திரும்பப் பானைக்கு வந்துவிட்டன. மறுபடியும் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "அவரு மாசத்துக்கு ஒருக்க வாறாரு, வெயிலு தெனமும் வருதே தம்பி" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

தினமும் காலை ஏழே காலுக்கு ஒரு கம்பெனி பஸ் அந்தக் கேட்டைக் கடக்கும். மேற்கே இருக்கிற ஊர்களிலிருந்து நாற்பது பெண்களைப் பட்டாசு வேலைக்கு ஏற்றிப் போகிற ஓட்டை பஸ். கேட் மூடியிருந்தால் பெண்கள் இறங்கி வந்து அக்காவின் குடத்தில் தண்ணீர் குடிப்பார்கள், அரட்டை அடிப்பார்கள். இரண்டாவது ஸீட்டில் சன்னலோரம் இருப்பவள் மட்டும் இறங்க மாட்டாள். குருவம்மாள்தான். மேற்கே ஓர் ஊரில் வாக்கப்பட்டு, இந்த வயதிலும் உட்கார்ந்த இடத்தில் திரி சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பேர் கைத்தாங்கல் கொடுக்க வேண்டும். மடியில் சொந்தமாக ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருப்பாள்.

அக்கா ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கெல்லாம் குடத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, சில்வர் டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பாள். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்களேன் என்றேன் ஒரு நாள்.

"போன வருசம் கொண்டு போனேன் தம்பி. சன்னல இழுத்துச் சாத்திட்டா."

அப்புறம் அந்தப் பத்து நாள் வந்தது. பழைய சிக்னலைக் கழற்றியாகிவிட்டது, புதியதற்கு இன்னும் உயிர் கொடுக்கவில்லை. நடுவில் எல்லாமே ஆள், காகிதம், போன். ஸ்டேஷனிலிருந்து போன் வரும். அக்கா கேட்டை அடைத்துவிட்டு, அவளிடம் இருக்கிற தாளிலிருந்து ஒரு நம்பரைச் சொல்லிவிட்டு, அதைக் கோடு போட்டு அடித்துவிடுவாள். கேட் அடைத்துவிட்டேன் என்று அவள் கொடுக்கும் வாக்கு அந்த நம்பர். அதை வாங்கிக்கொண்டுதான் வண்டியை விடுவார்கள். எங்களுக்கெல்லாம் அந்தப் பத்து நாள் சோறு தண்ணி இல்லை, தூக்கம் இல்லை. என்னால் ஓரிடத்தில் நிற்கவே முடியவில்லை. பெட்டிக்கும் கம்பத்துக்கும் கேட்டுக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தேன்.

ஏழாவது நாள் காலை. திருநெல்வேலிக்குப் போகும் எக்ஸ்பிரஸுக்காகப் போன் வந்தது. அக்கா அடைத்தாள், நம்பர் கொடுத்தாள். வண்டி வரவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. கம்பெனி பஸ் வந்து நின்றது, பின்னால் இரண்டு டிராக்டர். கால் மணி நேரம் ஆயிற்று. பஸ் டிரைவர் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, நல்ல சீசன். எட்டு மணிக்குக் கம்பெனி வாசலைச் சாத்திவிடுவார்கள், அன்றைய கூலி போச்சு. பஸ்ஸுக்குள்ளிருந்து பெண்கள் கத்துகிறார்கள், சொர்ணலட்சுமி என்ற ஒருத்தி சன்னலில் தலையை நீட்டி, "யக்கா, ரயிலு வருதா, இல்ல இனிமேதான் செய்யப் போறாகளா?" என்று கேட்கிறாள். எனக்குத் தலைக்குள் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது.

என்னிடம் சோதனைக்கு வைத்திருந்த தனிப் போன் ஒன்று உண்டு. ஸ்டேஷனில் இருக்கும் என் கூட்டாளி காசிராஜனைக் கூப்பிட்டேன்.

"எக்ஸ்பிரஸ் கெளம்பிருச்சா?"

"எங்க மாப்ள! பிளாட்பாரத்துலதான் நிக்கிது. எப்பக் கெளம்புமோ தெரியல."

அக்காவிடம் ஓடினேன். "யக்கா, வண்டி இன்னும் பிளாட்பாரத்துலதான் நிக்கிது. பஸ்ஸ மட்டும் விட்டுருங்க."

"நம்பர் குடுத்துட்டேன் தம்பி. இனி வண்டி போனாத்தான் கேட்டு."

"நான் சிக்னல்காரன் சொல்றேன்ல?"

"நீங்க சொன்னாலும் மாட்டேன், ஒங்க அத்தாவே வந்து சொன்னாலும் மாட்டேன்."

மூன்று நான்கு நிமிஷம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் அவள், "சரி, ஸ்டேசன்லயே கேக்குறேன், அவுக சொன்னாத் தொறக்குறேன்" என்று அறைக்குள் போய்ப் போனை எடுத்தாள். அதுதான் முறை. நான் இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் போதும். அவள் முதுகு அந்தப் பக்கம் திரும்பியதும் நான் கேட்டுக் கைப்பிடியைச் சுற்றித் திறந்துவிட்டேன். யாரும் என்னைத் திறக்கச் சொல்லவில்லை. காசிராஜன் சொன்னதும் பொய் இல்லை, அவன் சொன்னபோது வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. நான் பேசி முடிக்கும்வரை அது ஏன் நிற்க வேண்டும்?

பஸ் உறுமிக்கொண்டு ஏறியது. முன்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியது. பின்சக்கரம் ஏறும்போது இன்ஜின் ஒரு முக்கு முக்கி நின்றுவிட்டது. டிரைவர் சாவியைத் திருகினான், திருகினான், திருகிக்கொண்டே இருந்தான். பானெட்டிலிருந்து ஒரு இழை புகை வந்தது.

வேறு ஊர் பஸ்ஸாக இருந்தால் நாலு பேர் இறங்கித் தள்ளியிருப்பார்கள். இது பட்டாசுக்காரர்கள் பஸ். "புகை!" என்று ஒரு குரல் வந்தது. யாரும் கத்தவில்லை, கூப்பிடவில்லை. செருப்பு கிடந்த இடத்தில் கிடக்க, டிபன் கிடந்த இடத்தில் கிடக்க, பெண்கள் கண் மூடித் திறப்பதற்குள் பஸ்ஸைவிட்டு விழுந்தடித்து ஓடிவிட்டார்கள். குடத்தை யார் தட்டிவிட்டார்களோ, உருண்டு போயிற்று. டிரைவரும் ஓடினான். டிராக்டர்காரர்களும் ஓடினார்கள்.

நானும் ஓடினேன். ஓட வேண்டும் என்று நினைத்த ஞாபகம்கூட இல்லை. பார்த்தால் ரோட்டோரத்து ஓடைக்கு அந்தப் பக்கம் பருத்திக் காட்டில் குப்புறக் கிடக்கிறேன். என் காலும் எந்தப் பக்கம் ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அக்கா அறையிலிருந்து வெளியே வந்தாள். ஸ்டேஷன் போன் கிடைத்திருக்கிறது, வண்டி கிளம்பி மூன்று நிமிஷம் ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியே வந்து பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது, தண்டவாளத்தின் மேல் பஸ் நிற்கிறது, பஸ்ஸுக்குள் குருவம்மாள் ஒருத்தி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இறக்கிவிடுகிற இரண்டு பேரும் காட்டில் கிடக்கிறார்கள்.

அக்கா நின்றாள். பஸ் இருபது தப்படித் தூரம். போய்க் குருவம்மாளை இறக்கிவிடலாம், அதற்குள் ரயில் வளைவில் திரும்பி பஸ்ஸில் மோதிவிடும், வண்டியில் இருப்பவர்கள் கதி அதோகதி. ரயிலைப் பார்த்து ஓடலாம், ஓடினால் இன்னொரு தடவை குருவம்மாளுக்கு முதுகைக் காட்ட வேண்டும். குருவம்மாள் சன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

அக்கா சேலையைச் செருகினாள், கொடியை எடுத்தாள், வடக்கே ஓடினாள். பானைக்குப் பக்கத்தில் ஓட்டத்தைக்கூட நிறுத்தாமல் குனிந்து டப்பிகளை அள்ளினாள். திரும்பிப் பார்க்காமலே ஒரு சத்தம் போட்டாள்.

"ஏலே சுப்பியானு! அவள எறக்குலே!"

அத்தனை நாளும் தம்பி, நீங்க, வாங்க என்று பேசியவள். அந்த 'ஏலே' செவிட்டில் அறைந்தது போல விழுந்தது. எழுந்தேன்.

புகையைப் பார்த்தபடியே பஸ்ஸுக்குள் எப்படி ஏறினேன் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். குருவம்மாள் என்னைப் பார்த்ததும் வைய ஆரம்பித்தாள். "வந்துட்டான் இப்ப! முதுகக் காட்டுலே. மசமசன்னு நிக்காத." முதுகில் ஏற்றிக்கொண்டேன். அவளுடைய மடங்கின கால் என் இடுப்பை இடித்துக்கொண்டே வந்தது. படி இறங்கி, தண்டவாளம் தாண்டி, வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டபோது வளைவுக்கு அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று. அடுத்து ஒன்று. இன்னொன்று.

எங்கள் பக்கத்தில் நாள் முழுக்க வெடிச் சத்தம் கேட்கும், பட்டாசை வெடித்துப் பார்க்கிற பொட்டலிலிருந்து. ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். அன்றைக்கு அந்தக் காட்டில் கிடந்த அத்தனை பேரும் தலையைத் திருப்பினார்கள். பிரேக் கிறீச்சிட, எக்ஸ்பிரஸ் வளைவில் திரும்பியது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். கடைசியில் நின்றது. இன்ஜினுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் பிற்பாடு நானே எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன், அறுபத்து நாலு.

புகைக்குக் காரணம் ஒரு வயர் கருகியதுதான். பெண்களே திரும்பி வந்து பஸ்ஸைத் தள்ளிவிட்டார்கள்.

விசாரணை நடந்தது. கேட்டைத் திறந்தது நான்தான், அக்கா மறுத்தாள், அவள் திரும்பிய நேரம் பார்த்துத் திறந்தேன் என்று ஒரு வரி விடாமல் எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் பொறுமையாக எழுதிய ஒரே காகிதம் அதுதான். இரண்டு வருஷத்துக்கு எனக்கு இன்கிரிமென்ட் கிடையாது, வேறு ஊருக்கு மாற்றல். போவதற்கு முன்னால் அந்தப் பூட்டை நானே மாட்டினேன். கடைசித் திருகாணியை முறுக்கும்போது வெட்கமாக இருந்தது. அந்தப் பூட்டைக் கண்டுபிடித்ததே என்னை மாதிரி ஆட்களுக்காகத்தான். லட்சுமிகாந்தம் சார் பானையைப் பற்றி மட்டும் தன் அறிக்கையில் எழுதவே இல்லை.

போன மாதம் செல்லக்கனியிடம் போனில் பேசும்போது அக்காவைப் பற்றிக் கேட்டேன். "இப்பல்லாம் ஓடுறதில்லப்பா. ரெண்டு மணிக்கு நான் வந்தா நேரா வீட்டுக்குத்தான் போகுது" என்றான். பூட்டு வந்துவிட்டது அல்லவா, அதனால்தான் என்று அவன் நினைக்கிறான். நான் அங்கே இருந்தவன், காரணம் பூட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ரயில் நின்ற கொஞ்ச நேரத்தில் அக்கா வளைவிலிருந்து நடந்து வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை, ஜல்லி கிழித்து ரத்தம் வழிந்தது. கொடி தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. இன்ஜின் டிரைவர் இறங்கி வந்து ஏதோ கேட்டார், அவள் காதில் விழவில்லை. நேராக வேப்பமரத்தடிக்கு வந்து குருவம்மாள் முன்னால் நின்றாள். சுற்றி நின்ற பெண்கள் விலகிக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷம்.

குருவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தத் தடவையும் என்னைய விட்டுட்டுத்தான ஓடுன?"

குறுக்கே விழுந்து விளக்கம் சொல்ல என் வாய் துடித்தது. நல்லவேளை, அன்றைக்கு ஒரு தடவை அது சொன்னபடி கேட்டது.

"ஆமா" என்றாள் அக்கா.

"ரயிலு நின்னுருச்சா?"

"நின்னுருச்சு."

"பெறகென்ன. தண்ணி குடு."

அக்கா குடத்தைத் தேடினாள். அது ஓடைப் பக்கம் உருண்டு கிடந்தது. எடுத்து டம்ளரில் கவிழ்த்தாள், அடியில் அரை டம்ளர் தண்ணீர் இருந்தது. அதிலும் கொஞ்சம் சிந்திவிட்டது. குருவம்மாள் வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அக்கா அதை வாங்கிய கையோடு தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.